இரட்டைக் கோடு

"ஒரு சீட்டு. ரெண்டு பேரு. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணி. லேட்டா வந்தா நான் பொறுப்பில்ல" என்றார் ஷாரோன் மேடம்.

மஞ்சுளாவும் ஐஸ்வர்யாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் இந்தச் சிரிப்பு ஒருத்தியிடம்தான் மிஞ்சும் என்பது இருவருக்கும் தெரியும்.

ஷாரோன் அந்த மரபணு ஆய்வகத்தின் தலைவர். ஒரகடம் சிப்காட்டில், டயர் கம்பெனிக்கும் கார் சீட்டு தைக்கிற கம்பெனிக்கும் நடுவில், நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அது 'ரத்த கம்பெனி'தான். "ரத்த கம்பெனிலாம் எறங்கு!" என்று கத்துவார்கள். முதல் நாள் அதைக் கேட்டு ஐஸ்வர்யா பயந்துபோய் இறங்காமலே போய்விட்டாள் என்பது ஆய்வகத்தில் இன்றைக்கும் ஓடுகிற கதை.

போட்டி போடுகிற அந்த ஒரு சீட்டு, மரபணு ஆலோசகர் பயிற்சி. ஓராண்டு. பாதி நாள் சென்னையில் ஒரு மருத்துவமனையில் வகுப்பு, பாதி நாள் இங்கே வேலை. சோதனையில் வந்த முடிவை எடுத்துக்கொண்டு போய் ஒரு குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து, அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதுதான் ஆலோசகரின் வேலை. ஆகவே தேர்வும் அப்படியே. ஆளுக்கு ஒரு குடும்பம். அவர்கள் சம்மதத்தோடு, தேர்வுக் குழு ஓரமாக உட்கார்ந்து பார்க்கும்.

ஐஸ்வர்யா கோயம்புத்தூர்க்காரி. மரபியலில் முதுகலை, முதல் வகுப்பு. மஞ்சுளாவின் கதை வேறு.

மஞ்சுளாவுக்குச் சேரப்பணஞ்சேரி. பிளஸ் டூ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பூட்டுகிற லைனில் சேர்ந்தாள். ஐந்து வருஷம், பூதக்கண்ணாடிக்குக் கீழே, எறும்புத் தலை அளவு திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் போக மிச்ச நேரத்தில் அஞ்சல் வழியில் விலங்கியல் பட்டம் படித்தாள். "போன் பூட்டறவளுக்குத் தவள படிப்பு எதுக்குடி?" என்று ஹாஸ்டலில் கேலி செய்தார்கள். இந்த ஆய்வகம் திறந்தபோது ஆள் எடுக்க ஒரு கைச் சோதனை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துளியை, சிந்தாமல், ஒரே அளவில், தொண்ணூற்றாறு குழிகளில் விட வேண்டும். பட்டதாரிகள் பாதிக் குழியில் வியர்த்தார்கள். மஞ்சுளா முடித்துவிட்டு, "இன்னொரு தட்டு இருக்கா மேடம்?" என்றாள். ஷாரோன் அன்றைக்கே அவளை எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்தில் அவளை ரத்தம் வாங்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். வருகிறவர்கள் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள், கம்பெனிக் குடும்பங்கள். அவர்களிடம் பேசி, யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு என்ன நோய் என்று கேட்டு, குடும்ப வரைபடம் போடுவது அவள் வேலை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு கோடு. ரத்த உறவில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல் போட்டுவிட்டாள். 'நம்ம ஊரு ஆளுங்களை மஞ்சுளா மாதிரி யாரும் பேச வைக்க முடியாது' என்று ஆய்வகத்தில் பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் சீட்டு கிடைக்கும் என்று அவளும் நம்பினாள்.

அந்த நம்பிக்கை திங்கட்கிழமை மதியம் வரைக்கும் இருந்தது.

மதியம் ரத்னா வந்தாள். வல்லக்கோட்டைக்காரி, வயது இருபத்தாறு, கார் வயர் கட்டுகிற கம்பெனியில் ஒப்பந்த வேலை. அவளுடைய மகன் நிலவனுக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. எட்டு மாதம் முன்பு ரத்தம் கொடுத்தார்கள். 'காரணம் கண்டறியப்படவில்லை. நெருங்கிய உறவுத் திருமணம் என்பதால் மரபுக் காரணம் இருக்கக்கூடும்' என்று அறிக்கை போனது. அதை இன்னும் தெளிவாக விளக்கிச் சொல்வதற்காக வெள்ளிக்கிழமைக்கு மஞ்சுளா தேர்ந்தெடுத்த குடும்பம் இதுதான். சம்மதக் கையெழுத்து வாங்க வரச் சொல்லியிருந்தாள்.

"வெள்ளிக்கெழம வந்துர்றேன்க்கா. ஆனா அதுக்கு அடுத்த வாரம் கூப்புடாத. புள்ளைக்குக் கோயில்ல காது குத்து" என்றாள் ரத்னா, கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

"வல்லக்கோட்டையிலயா? நல்லதுதானே."

"எங்க நல்லது? எதிர் வூட்டுக்காரி கேக்கறா, கேக்காத காதுக்குக் கம்மல் எதுக்காம். கேக்கறதுக்கு மெஷின் வரும், கம்மல் அழகுக்குடி, உன் புள்ளைக்குத்தான் ரெண்டுமே இல்லன்னு சொல்லிட்டேன்."

மஞ்சுளா சிரித்துவிட்டாள். "சரியான பதில்."

"பதில்லாம் நல்லாத்தான் சொல்றேன். வூட்டுக்குள்ள வந்தா அழுகதான் வருது. சொந்தத்துல கட்டுனா இப்பிடித்தான்னு ஆளாளுக்குச் சொல்லிக்கினு கீறாங்க. உங்க பேப்பர்லயும் அதானே போட்டுக்கீது." ரத்னா பேனாவை மூடினாள். "அது போவட்டும். இப்ப மடி குடுக்க ஆளு இல்ல, அதான் பிரச்சனை. எனக்குத் தம்பியும் கெடையாது, அண்ணனும் கெடையாது. எங்கம்மாவும் இதே மாதிரிதான் கஷ்டப்பட்டுதாம், எனக்குக் காது குத்தறப்ப."

"ஏன், உங்களுக்குத்தான் தாய்மாமா இருந்தாரே?"

"எங்கம்மா ஒத்தப் பொண்ணுக்கா. கூடப்பொறந்த ஆம்பளயே இல்ல."

மஞ்சுளாவின் கை மேஜை மேல் அப்படியே நின்றது.

"அப்ப உங்க மாமா? உங்க வூட்டுக்காரரோட அப்பா?"

"அப்பாவு மாமாவா? அவுரு பக்கத்து வூடு. மடி குடுக்க ஆளு இல்லாம எங்கம்மா கோயில்ல அழுதுகினு நின்னுச்சாம். நான் குடுக்கறேன் தங்கச்சின்னு வந்து உக்காந்துட்டாராம். அன்னிலருந்து எங்கம்மாக்கு அவுரு அண்ணன், எனக்கு மாமா. சீரு, செனத்தி, வயசுக்கு வந்த சடங்கு எல்லாமே அவுருதான் செஞ்சாரு. அப்புறம் அவுரு பையனையே கட்டிக்கினேன். மாமா பையன்தானே, முறைதானே!"

ரத்னா போன பிறகு மஞ்சுளா பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. அவள் போட்ட சதுரம், அவள் போட்ட வட்டம். நடுவில், அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி, அழகான இரட்டைக் கோடு.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. 'வூட்டுக்காரரு சொந்தமா?' என்று கேட்டாள். 'சொந்தம்தான்க்கா, மாமா பையன்' என்றாள் ரத்னா. அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்? மாமா பையன் என்றால் என்னவென்று மஞ்சுளாவுக்குத் தெரியாதா? அவள் அக்காவே மாமா பையனைத்தான் கட்டியிருக்கிறாள். கேட்காமலே கோடு போட்டுவிட்டாள்.

பக்கத்து மேஜையிலிருந்து எட்டிப் பார்த்த ஐஸ்வர்யாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் வந்த புதுசுல, மாமான்னா யாரு, அம்மாவோட தம்பியா, அத்தையோட புருஷனா, மாமனாரா, உங்க வீட்டுக்காரரையே சொல்றீங்களானு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு அடி வாங்காத குறைங்க. ஒரு அம்மா, 'உங்க ஊர்ல மாமாவே கெடையாதாம்மா'னு கேட்டுட்டாங்க."

"நீ தெரியாம கேட்ட. நான் தெரிஞ்சதால கேக்கல" என்றாள் மஞ்சுளா. "உன் படிவத்துல இந்தத் தப்பு இருக்காது. என்னுதுல எத்தனை இருக்குன்னு தெரியலயே."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"முதல்ல ஸ்ரீதரைப் போய்ப் பார்க்கிறேன்."

ஸ்ரீதர் மூன்றாவது மாடி. மரபணு எழுத்துகளைக் கணினியில் அலசித் தப்பைத் தேடுகிறவன். தாம்பரத்திலிருந்து பைக்கில் வருவான். ஹெட்போனைக் கழற்றாமலே எல்லாம் கேட்பான்.

"கோடு ஒண்ணா ரெண்டாங்கிறதுல இன்னா பெருசா வந்துடப் போவுது?" என்றான்.

"நீதானே சொல்லணும் அதை?"

ஸ்ரீதர் ஹெட்போனைக் கழற்றினான். யோசிக்க யோசிக்க முகம் மாறியது.

ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. ஒரு பிரதி கெட்டிருந்தால் மற்றது சமாளித்துவிடும். இரண்டுமே கெட்டால்தான் நிலவன் மாதிரி காது கேட்காமல் போகும். அம்மாவும் அப்பாவும் ரத்த உறவு என்றால், ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பிழை இரண்டு பக்கமும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே படிவத்தில் இரட்டைக் கோடு இருந்தால், ஸ்ரீதரின் நிரல் 'ஒரே பிழை இரண்டு முறை' என்றுதான் தேடும். கிடைக்கவில்லை என்றால் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"ரெண்டு பக்கத்துலருந்தும் வேற வேற பிழை வந்திருந்தா?" என்றாள் மஞ்சுளா.

"பக்கத்துலயே இருந்திருக்கும். நாம பார்த்திருக்க மாட்டோம்." அவன் விரல்கள் அதற்குள் தட்ட ஆரம்பித்துவிட்டன. "காலையில வா. ஆனா மஞ்சு, ஒண்ணு சொல்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் இதை வெளிய வுடாத. வேற குடும்பத்தை எடுத்துக்கோ. சீட்டு வாங்கு. அப்புறம் சனிக்கிழமை பொறுமையா சரிபண்ணிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் மஞ்சுளா.

"அதான் பிரச்சனை" என்று ஸ்ரீதர் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் கண்கள் பளபளத்தன. காதின் உட்புறச் செல்களுக்கு நடுவில் வழி திறந்துவிடுகிற ஒரு மரபணு. அதில் நிலவனுக்கு இரண்டு வேறு வேறு பிழைகள். முதலாவது உலகம் முழுக்கத் தெரிந்த பிழை. இரண்டாவதை யாரும் எங்கும் பார்த்ததில்லை.

"உலகப் பட்டியல்ல லட்சக்கணக்கான பேரோட மரபணு கீது. அதுல இந்த எழுத்து மாற்றம் ஒருத்தருக்கும் கிடையாது. அதனால 'பொருள் தெரியாத மாற்றம்'னுதான் எழுத முடியும். நோய் தருமா, சும்மா மச்சம் மாதிரி கிடக்குதா, சொல்ல முடியாது."

"அந்த லட்சம் பேர்ல நம்ம பக்கத்து ஆளுங்க எத்தனை பேரு?"

ஸ்ரீதர் ஒரு கை விரல்களை விரித்துக் காட்டினான். அதிலும் இரண்டை மடக்கினான்.

"அப்புறம் எப்படிப் பட்டியல்ல இருக்கும்? சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோ எந்த மேப்புலயும் கிடையாது. அதுக்காக ஸ்டேஷன்லருந்து யாரும் வேலைக்கு வராமலா இருக்காங்க? உலகத்துல தேடினா கிடைக்காது. வல்லக்கோட்டையில தேடணும்."

"அதான் சொல்ல வந்தேன். குடும்பத்துல வேற யாருக்காவது காது கேக்காம இருக்கா?"

மஞ்சுளா படிவத்தைப் புரட்டினாள். ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. 'கணவரின் அத்தை பாப்பம்மாள், காது கேட்காது. சின்ன வயதில் ஜுரம்.' ஜுரம் என்று எழுதியதால் எல்லாரும் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

அவள் நேரே ஷாரோன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள், தன் கோடு உட்பட. ஷாரோன் குறுக்கே பேசாமல் கேட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பெண்தான் அவரும். அப்பா சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தவர், அண்ணன் கண்ணாடி ஃபேக்டரியில் சூப்பர்வைசர்.

"பாப்பம்மாளுக்குப் பண்ணலாம். ஃப்ரீசர்ல அம்மா அப்பா ரத்தம் இருக்கு, அதையும் சேர்த்துப் பண்ணிடலாம். அதெல்லாம் சரி" என்றார். "வெள்ளிக்கிழமை சென்னை ஆஸ்பத்திரியிலருந்து டாக்டர் எழிலரசன் வர்றார். ஒரு தப்பு கண்ணுல பட்டா லேசுல விடமாட்டார். இந்தக் குடும்பத்தைத்தான் எடுக்கப் போறேன்னா, முதல் அறிக்கை ஏன் தப்பா போச்சுன்னு அவங்க முன்னாடியே நீ சொல்லியாகணும். வேற குடும்பம் வேணும்னா இன்னிக்கே மாத்தித் தர்றேன். உன்னை யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

மஞ்சுளாவுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஐந்து வருஷத் திருகாணி, ஐந்து வருஷ ரத்தக் குழாய். எல்லாம் சேர்ந்து ஒரு நாற்காலிக்கு முன்னால் வந்து நிற்கும்போது, கையிலிருப்பது தான் செய்த தப்பு.

"லைன்ல ஒரு போன் பிழையோட வந்தா பெல் அடிச்சு லைனை நிறுத்துவோம் மேடம். பிழையை விட்ட ஆள்தான் முதல்ல பெல் அடிக்கணும். அவளுக்குத்தான் எந்தத் திருகாணின்னு தெரியும்."

"அடிச்சவளுக்கு அங்க ப்ரமோஷன் குடுத்தாங்களா?"

"இல்ல மேடம். திட்டினாங்க. ஆனா லைன் சரியாச்சு."

ஷாரோன் சிரித்தார். "சரி. அடி பெல்லை."

அன்று சாயங்காலமே முனிரத்தினம் தன் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தான். முனிரத்தினம் ரத்னாவின் கணவன், டயர் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பாப்பம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு கம்பெனி கேன்டீனில் நாள் ஒன்றுக்கு இரண்டு மூட்டை வெங்காயம் உரிக்கிறவள். சீருடைத் தொப்பியோடே வந்திருந்தாள். மஞ்சுளா காகிதத்தில் படம் போட்டு, முனிரத்தினம் கையால் ஜாடை சொல்லி, எதற்கு ரத்தம் என்று விளக்க அரை மணி ஆயிற்று. புரிந்ததும் பாப்பம்மாள் நெற்றியில் கை வைத்து ஜுரம் என்று காட்டி, அதே கையை இல்லை என்று பலமாக ஆட்டினாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் மஞ்சுளா.

முனிரத்தினம் வெட்கத்தோடு சிரித்தான். "ஜுரம்லாம் பொய்யாம். பொறந்ததுலருந்தே இப்பிடித்தானாம். கல்யாணத்துக்கு மாப்பிள கேக்கறப்போ எங்க தாத்தா கட்டிவுட்ட கதையாம். முப்பது வருஷமா எங்கள்ள ஒருத்தரும் இதைக் கேட்டதே இல்ல மேடம்."

"உங்க தாத்தாவும் பாட்டியும் சொந்தமா?" என்றாள் மஞ்சுளா. கேட்ட வாயோடு, "ரத்தச் சொந்தமா? யாரு வயித்துல யாரு பொறந்தாங்கன்னு சொல்லுங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

"தாத்தா, அவரு கூடப்பொறந்த அக்கா பொண்ணையே கட்டுனாரு. இது நெஜ ரத்தம். ஊருக்கே தெரியும்."

அங்கேதான் போட வேண்டும் இரட்டைக் கோடு. மஞ்சுளா அதை இரண்டு தலைமுறை தள்ளிப் போட்டிருந்தாள்.

புதனும் வியாழனும் அவள் சும்மா இருக்கவில்லை. ஷாரோனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தன் கையெழுத்தில் இரட்டைக் கோடு போட்ட படிவங்களை எல்லாம் இறக்கினாள். நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் போன். ஐஸ்வர்யா தன் தேர்வுத் தயாரிப்பை ஓரமாக வைத்துவிட்டு இருபது போன் அவளும் போட்டாள். "உங்களை ஜெயிக்கணும்னா நேரா ஜெயிக்கணுங்க" என்றாள். வியாழன் மதியம் ஸ்ரீதரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: 'பெல் கேட்டுச்சு. பாப்பம்மாள் முடிவு வந்துடுச்சு. மேல வா.'

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆலோசனை அறை நிறைந்துவிட்டது. ஓரத்தில் ஷாரோனும், சென்னையிலிருந்து வந்த டாக்டர் எழிலரசனும். எழிலரசன் ஒல்லியான மனிதர், மடியில் நோட்டு, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதிரில் ரத்னா, முனிரத்தினம், மடியில் நிலவன். அவர்களோடு அழைக்காமலே ஒருவர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெற்றிலைச் சிவப்பு உதடு. அப்பாவு.

"என் பேரனைப் பத்திப் பேசறீங்க, நான் கேட்டுக்கினு போறேன்" என்று உட்கார்ந்துகொண்டார்.

மஞ்சுளா மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"முதல்ல ஒரு விஷயம். எட்டு மாசம் முன்னாடி எங்க அறிக்கையில ஒரு தப்பு வந்துச்சு. அது மெஷின் தப்பு இல்ல, என் தப்பு. நீங்க மாமா பையன்னு சொன்னதும், எந்த மாமான்னு கேக்காம, ரத்தச் சொந்தம்னு நானே கோடு போட்டேன். அதனால எங்க தேடல் தப்பான பக்கம் போயிடுச்சு. சொந்தத்துல கட்டினதாலன்னு ஒரு வரி உங்க பேப்பர்ல வந்துச்சே, அந்த வரி என்னால வந்தது. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

எழிலரசனின் பேனா நோட்டில் ஏதோ எழுதியது. மஞ்சுளா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அப்ப சொந்தத்துல கட்டினதால இல்லியா?" என்றாள் ரத்னா. குரல் சின்னதாக வந்தது.

"இல்ல. ரத்னாகிட்ட ஒரு பிழை இருக்கு. முனிரத்தினத்துகிட்ட வேற ஒரு பிழை இருக்கு. ரெண்டு பேருக்கும் நல்லாவே காது கேக்குது, ஏன்னா மத்தப் பிரதி நல்லா இருக்கு. நிலவனுக்கு ரெண்டு பிழையும் வந்து சேர்ந்துடுச்சு. உங்க பக்கம் ஒண்ணு, அவரு பக்கம் ஒண்ணு. யாரும் யாரையும் சொல்றதுக்கில்ல. எல்லார்கிட்டயும் இப்படி நாலஞ்சு பிழை இருக்கு. என்கிட்டயும் இருக்கும். இதோ உக்காந்திருக்காரே டாக்டர், அவர்கிட்டயும் இருக்கும்."

எழிலரசன் நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அத்தை பாப்பம்மாள் ரத்தம் குடுத்ததாலதான் இது உறுதியாச்சு. முனிரத்தினத்துகிட்ட இருக்கற பிழையை உலகத்துல யாரும் பார்த்ததில்ல, அது கெடுதலா இல்லையான்னே தெரியாம இருந்துச்சு. அத்தைக்கு ரெண்டு பிரதியிலயும் அதே பிழைதான். நல்ல பிரதியே இல்ல. அவங்களுக்குப் பொறந்ததுலருந்து காது கேக்கல. இனிமே இந்தப் பிழையோட வேற எந்த ஊர்லருந்து ஒரு குழந்தை வந்தாலும் காரணம் தெரியலன்னு அனுப்ப மாட்டாங்க. அது பாப்பம்மாள் செஞ்ச வேலை."

"இன்னொண்ணு. நல்ல சேதி" என்று மஞ்சுளா தொடர்ந்தாள். "இந்தப் பிழை இருக்கற குழந்தைங்களுக்குக் காது நரம்பு நல்லா இருக்கும். உள்காதுலதான் கோளாறு. அதனால உள்காதுல கேக்கற கருவி வைக்கிற ஆபரேஷன் பண்ணினா பொதுவா நல்ல பலன் கிடைக்கும். சீக்கிரம் பண்ணணும், பேச்சுப் பயிற்சிக்கு விடாம வரணும். இந்தப் புது அறிக்கையை எடுத்துட்டுப் போய் காது டாக்டரைப் பாருங்க."

ரத்னா அழவில்லை. நிலவனின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு கணவனைப் பார்த்து, "எதிர் வூட்டுக்காரிகிட்ட இந்தப் பேப்பரை நீயே படிச்சுக் காட்டு" என்றாள்.

"மைக் வச்சே படிக்கறேன்" என்றான் முனிரத்தினம்.

எல்லாம் முடிந்தது என்று மஞ்சுளா நினைத்தபோது அப்பாவு செருமினார்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. ரத்தச் சொந்தம் இல்லன்னா, நான் இவளுக்கு மாமன் இல்லன்னு ஆவுதா? இவ காது குத்தறப்ப வீல்னு கத்திக்கினு என் வேட்டியை நனைச்சா. அப்பலருந்து நான் மாமன். இருவத்தஞ்சு வருஷம் கழிச்சு உன் கம்ப்யூட்டரு வந்து இல்லன்னு சொல்லுதா?"

ரத்னா பதறி, "ஐயோ மாமா, அப்பிடி இல்ல..." என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எழிலரசன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மஞ்சுளாவையே பார்த்தார். இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் இல்லை.

மஞ்சுளா பழைய படிவத்தை எடுத்து அப்பாவு முன்னால் வைத்தாள். பக்கத்தில் புதிதாக அடித்த ஒரு தாளையும் வைத்தாள்.

"பெரியவரே, பழசுல ஒரே கட்டம்தான் இருந்துச்சு. சொந்தமா, ஆமா, இல்ல. அவ்வளவுதான். அதுல உங்களுக்கு எடமே இல்ல. ஆமான்னு போட்டா பொய், இல்லன்னு போட்டா அதைவிடப் பெரிய பொய். அதனால புதுசா ரெண்டு கட்டம் போட்டிருக்கேன். முதல்ல, முறை. அதுல இன்னா போட்டிருக்கு, படிங்க."

அப்பாவு தாளைத் தூரமாகப் பிடித்து எழுத்துக் கூட்டினார். "தாய்... மாமன்."

"ரெண்டாவது, பொறப்பு. அங்க இல்லன்னு போட்டிருக்கேன். அந்த ரெண்டாவது கட்டம் ரத்தத்தைத் தேடுற மெஷினுக்கு. அதுக்கு அது மட்டும்தான் தெரியும். மொதக் கட்டத்தைத் தொடற வேலையே அதுக்குக் கிடையாது. அதை நீங்க கோயில்ல உக்காந்தன்னிக்கே எழுதியாச்சு."

அப்பாவு இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நல்லாக் கீது" என்றார். பிறகு ரத்னாவின் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் உன் புள்ளைக்கு மடி குடுக்கறவனும் இப்பிடித்தாம்மா கெடைப்பான். ஊர்ல ஆம்பளைங்களா இல்ல?" என்றார்.

அவர்கள் வெளியே போனதும் எழிலரசன் வாயைத் திறந்தார்.

"இது மாதிரி இன்னும் எத்தனை படிவம் உங்க கையெழுத்துல இருக்கு?"

"இரட்டைக் கோடு போட்டது நூத்திப் பதினெட்டு சார். இந்த ரெண்டு நாள்ல தொண்ணூத்தொரு வீட்டுக்குப் பேசிட்டோம். அதுல இருபது வீட்டுக்கு ஐஸ்வர்யா பேசினா. ஏழு வீட்டுல இதே மாதிரி முறைச் சொந்தம். அதுல நாலு பேருக்குக் காரணம் தெரியலன்னு அறிக்கை போயிருக்கு. ஸ்ரீதர் மறுபடி ஓட்டிக்கிட்டு இருக்கார். மீதி இருபத்தேழு வீட்டுக்குத் திங்கட்கிழமைக்குள்ள பேசிடுவேன்."

"நீங்க சொல்லியிருக்காட்டா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சீட்டுக்குப் போட்டி வேற. எதுக்குச் சொன்னீங்க?"

"அடுத்த படிவத்துலயும் நான்தானே சார் கோடு போடணும்? இந்தத் தப்பை மறைச்சுட்டா அதையும் இதே மாதிரிதான் போடுவேன்."

எழிலரசன் ஷாரோனைப் பார்த்தார். ஷாரோன் ஜன்னலைப் பார்த்தார். அடுத்ததாக ஐஸ்வர்யா உள்ளே போனாள். முக்கால் மணி நேரம் கழித்து, வெளியே வந்து மஞ்சுளாவின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் பண்ணேங்க. எல்லாம் கரெக்டா சொன்னேன். ஆனா அந்தத் தாத்தா கேட்ட மாதிரி ஒரு கேள்வி என்கிட்ட வந்திருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பேன்."

"நீ கேட்டுக்கிட்டே இருந்ததாலதான் எனக்கு அந்த ரெண்டாவது கட்டமே தோணுச்சு" என்றாள் மஞ்சுளா. உண்மையாகத்தான் சொன்னாள்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. ஷாரோன் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. சீட்டு மஞ்சுளாவுக்கு. ஐஸ்வர்யாவின் பெயர் அடுத்த வருஷத்துக்கு முதலில் இருக்கும். அதுவரை ரத்தம் வாங்கும் பிரிவில் மஞ்சுளாவின் இடத்தில் அவள்தான் குடும்ப வரைபடம் போடுவாள்.

"மாமான்னா யாருன்னு கேட்டுக் கேட்டா?" என்றாள் ஐஸ்வர்யா.

"அதுக்குத்தாம்மா உன்னைப் போடறது" என்றார் ஷாரோன்.

எழிலரசன் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் நின்று திரும்பினார். முதல் முறையாகக் கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரி தெரிந்தது.

"புதன்கிழமை வகுப்பு ஆரம்பம். வரும்போது அந்த ரெண்டு கட்டப் படிவத்தை எடுத்துட்டு வாங்க. எங்க ஆஸ்பத்திரியிலயும் ஒத்தைக் கட்டம்தான் இருக்கு. பன்னெண்டு வருஷமா."

"எத்தனை பிரதி சார்?" என்றாள் மஞ்சுளா.